சந்தியில் வைத்த சாப்பாட்டுப் பெட்டி

மாலை ஐந்தரை மணி. அயர்லாந்தில் ஓர் ஒற்றை ரோடு. இரண்டு பக்கமும் வேலி இருந்ததாம்... பனி மூடியதில் வேலியும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. பஸ் இல்லை, கார் இல்லை, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அதில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். கையில் ஒரு சில்வர் சாப்பாட்டுப் பெட்டி. உள்ளே சோறும் இறாலும் இன்னும் சூடாக இருக்கின்றன. செத்துப்போன புருஷனுக்குக் கொண்டுபோகிறாள்.

"பூரணி அக்கா, தொடங்கேக்கையே இப்பிடியெண்டால் நான் இண்டைக்கு நித்திரை கொண்ட மாதிரித்தான்," என்கிறாள் லக்சிகா.

உன்னை நித்திரை கொள்ளச் சொல்லி யார் கேட்டது? பாரிஸ் முழுக்கப் பனி, கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து ஒரு ரயிலும் இல்லை. சார்செல்லில் இருக்கிற உன் வீட்டுக்கு நடந்தா போகப் போகிறாய்? சாப்பாட்டுக்கடை ஷட்டரை இறக்கியாயிற்று. வெளியே ரூ பெர்தொனே தெரு முழுக்க வெள்ளை. அடுப்பில் இன்னும் சூடு இருக்கிறது, கிட்ட வந்து இரு. சிவதர்சன், அந்தத் தேத்தண்ணியை இந்தப் பக்கம் தள்ளு. பேயாவது பிசாசாவது என்று நீ வாய் காட்டியதற்குத்தான் இந்தக் கதை.

சாரதாதேவியைத் தெரியும்தானே? மூன்று கடை தள்ளி நகைக்கடையில் நிற்கிறாளே, அந்தச் சாரதா. அவளுடைய சொந்தத் தங்கச்சி தாட்சாயினிக்கு நடந்தது இது. சாரதா கூட்டிக் குறைத்துச் சொல்கிற ஆள் இல்லை. தங்கம் நிறுக்கிறவள்.

தாட்சாயினியும் புருஷன் ஜெயரட்ணமும் இருந்தது ஒரு சின்ன ஊர். டப்ளினிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். இவர்களை விட்டால் அங்கே வேறு தமிழ்ச் சனம் இல்லை. அவருக்கு இறைச்சி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. குளிருக்குள் நின்று நின்று முழங்கால் நோ. காலையும் மாலையும் சித்தாலேப தைலம் பூசுவார். ஆள் வருவதற்கு முன்னமே மணம் வந்து கதவைத் தட்டும். விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டு மூன்று கிலோமீட்டர் நடந்து நாற்சந்திக்குப் போய் பஸ் எடுப்பார். அந்தச் சந்தியில் ஒரு பஸ் தரிப்பிடம் மட்டும்தான்... ஒரு கூரை, இருக்க ஒரு வாங்கு. சுற்றி ஒரு வீடு கிடையாது.

ஒரு வியாழக்கிழமை காலை சண்டை. பெரிய விஷயமா என்றால் இல்லை. இறால் குழம்பில் உப்புக் கூட என்று முதல்நாள் இரவு அவர் சொல்லிவிட்டார். அவள் அதை மனதில் வைத்திருந்து காலையில் கொட்டினாள்.

"உப்புக் கூடவெண்டால் கடையிலை வாங்கிச் சாப்பிடுங்கோ. என்ரை சமையலை ஏன் காவிக்கொண்டு திரியிறியள்?"

அவர் ஜாக்கெட்டை மாட்டினார். கட்டி வைத்த பெட்டியை மேசையில் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று பின்னேரம் ஐந்தரைக்குப் பஸ்ஸால் இறங்கி, சந்தியில் அந்த வாங்கில் இருந்தவர் பிறகு எழும்பவில்லை. மாரடைப்பு. நாள் முழுக்க வெறும் தேத்தண்ணிதான் குடித்தார் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து தாட்சாயினிக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. ஆள் பசியோடு போய்விட்டார். தன் வாயால்தான் அப்படிப் போனார் என்று அவளுக்கு நெஞ்சைப் போட்டு அறுத்தது.

திங்கட்கிழமை டப்ளினில் தகனம் நடந்தது. எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்த மீன், இறால், முட்டை என்று மச்சச் சாப்பாடெல்லாம் சமைத்துப் படைத்து, பொழுதுபடுகிற நேரம் ஒரு பங்கை எடுத்துப்போய்ச் சந்தியில் வைத்துவிட்டு வர வேண்டும். வைத்தால் வைத்ததுதான். அங்கே நிற்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆம்பிளைதான் கொண்டுபோவது. அதற்கு அவருடைய தம்பி பாலச்சந்திரன் டப்ளினிலிருந்து வருவதாக ஏற்பாடு.

அந்த எட்டாம் நாள், இரண்டாயிரத்துப் பதினெட்டு மார்ச் முதலாம் திகதி. அயர்லாந்து அப்படி ஒரு பனியைக் கண்டு எத்தனையோ வருஷம். சிவப்பு எச்சரிக்கை என்றார்கள். நாலு மணிக்குப் பிறகு ஒருவரும் வெளியே வரக் கூடாது என்று ரேடியோ திருப்பித் திருப்பிச் சொன்னது. பஸ்ஸை நிற்பாட்டினார்கள், ரயிலை நிற்பாட்டினார்கள், விமானத்தையும் நிற்பாட்டினார்கள். கடைகளில் பாண் ரொட்டித் தட்டு வெறுமை. சனம் கடைசிப் பாணுக்கு அடிபடாத குறை.

மத்தியானம் பாலச்சந்திரன் போன் எடுத்தார்.

"மச்சாள், பஸ் ஸ்ராண்டிலை மூண்டு மணித்தியாலமா நிண்டு பாத்திட்டன். ஒண்டும் ஓடேல்லை. நீங்கள் வளவுக்குள்ளை ஒரு மூலையிலை வையுங்கோ. சாமி குறை நினையாது."

"சாமி நினையாது. உங்கடை அண்ணை நினைப்பார்," என்றாள் தாட்சாயினி. "அவர் சந்தியிலை பசியோடை இருக்கிறார். நான் வளவுக்கை வைச்சால் ஆர் தின்னுறது, காகமோ?"

"பொம்பிளையள் உதுக்குப் போறேல்லை, மச்சாள்."

"பஸ்ஸும்தான் போறேல்லை எண்டுறியள். அப்ப ஆர் போறது?"

போனை வைத்துவிட்டுச் சமைத்தாள். குத்தரிசிச் சோறு. கணவாய்க் கறி. அவித்த முட்டை. தலையோடு இறால் குழம்பு. இறால் தலையை நறுக் நறுக்கென்று கடித்துத் தின்பது அவருடைய வழக்கம். எவ்வளவு பசி என்றாலும் கடைசி இறாலை மட்டும் அவளுக்கென்று மிச்சம் வைப்பார். படையலுக்கு உப்புப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவள் பார்த்தாள், இரண்டு தரம். அன்று மேசையில் விட்டுப்போன அதே பெட்டியில் போட்டு மூடினாள். சின்னப் போத்தலில் விஸ்கி, கற்பூரம், நெருப்புப் பெட்டி. அவருடைய வேலைச் சப்பாத்தைத் தன் காலில் மாட்டினாள். அது பெரிய அளவு. உள்ளே பழைய துணி அடைத்தாள்.

பக்கத்து வீட்டு ஐரிஷ்காரக் கிழவர் அவள் படலை திறக்கிற சத்தம் கேட்டு வெளியே வந்தார். இந்தப் பனிக்குள் எங்கே போகிறாய் என்று மறித்தார். என் புருஷனுக்குச் சாப்பாடு என்று இங்கிலீஷில் சொன்னாள். அவர் செத்தவீட்டுக்கு வந்துபோன மனிதர். தொப்பியைக் கழற்றினார். உள்ளே போய் ஒரு டோர்ச் லைட்டை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

நடந்தாள். காற்று முகத்தில் மணல் வாரி எறிகிற மாதிரி. ஒவ்வோர் அடிக்கும் சப்பாத்து கிர்க்... கிர்க்... என்றது. இரண்டு இடத்தில் விழுந்தாள், எழும்பினாள். பெட்டியை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அரைவாசி வழியில் மூச்சு வாங்க நின்றாள்.

கிர்க்... கிர்க்.

அவள் நின்ற பிறகு இரண்டு அடி. பிறகுதான் அதுவும் நின்றது.

"அக்கா, காணும். லைட்டைப் போடுங்கோ," என்கிறாள் லக்சிகா.

லைட் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, விசரி. கேள்.

"வாறதெண்டால் வா. எனக்கு உன்னோடை மினக்கெட நேரமில்லை," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாளாம். அவளுக்குப் பயமே இல்லையா என்று நான் சாரதாவைக் கேட்டேன். பயம் இருந்ததாம். ஆனால் அவர் பசியோடு போனார் என்கிற எண்ணம் பயத்தைவிடப் பெரிதாக இருந்ததாம்.

சந்தி வந்தது. டோர்ச்சை அடித்தாள். வாங்கில் ஓர் ஆள் இருக்கிறார்... முதுகு இந்தப் பக்கம். பஸ்ஸுக்கு வந்து மாட்டிக்கொண்ட யாரோ பாவம் என்றுதான் முதலில் நினைத்தாள். இன்றைக்குப் பஸ் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். ஆள் அசையவில்லை. பிறகுதான் வடிவாகப் பார்த்தாள். தலையிலும் தோளிலும் ஒரு சாண் பனி. அவர் இருந்ததோ கூரைக்குக் கீழே. தரிப்பிடத்தைச் சுற்றி முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கிறது... அதில் ஒரு கால் அடையாளம் இல்லை.

ஆள் திரும்பவில்லை. கை மட்டும் மெல்ல நீண்டது. உள்ளங்கை மேலே பார்த்தபடி.

தன் புருஷனுடைய கையை அவளுக்குத் தெரியாதா? இது அவர் கை இல்லை. பெரிய வெள்ளைக்காரக் கை. நகமெல்லாம் நீலம். அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் வாயில் தமிழ்தான் வரும்.

"இது உனக்கில்லை. என்ரை மனிசன்ரை. எட்டு நாளாப் பட்டினி கிடக்கிறார். உனக்கும் பசியெண்டால் வீட்டை வா, வேறையாச் சமைச்சுத் தாறன். இதிலை கை வைச்சியோ, கையை முறிச்சுப்போடுவன்."

வாய் தவறி வந்தது. பசி என்று கை நீட்டினவனை வெறுமனே விரட்ட எங்கள் ஆட்களுக்கு வராது. ஏசிக்கொண்டாவது வீட்டை வா என்று சொல்லிவிடுவோம். சந்தியில் நிற்கிறதுகளிடம் அதை மட்டும் சொல்லவே கூடாது. அவள் சொல்லிவிட்டாள்.

கை உள்ளே போனது.

வாங்கின் மற்ற முனையில் பெட்டியைத் திறந்து வைத்தாள். விஸ்கிப் போத்தலைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். கற்பூரம் இரண்டு தரம் அணைந்தது, மூன்றாம் தரம் பிடித்தது. இனி அவள் போக வேண்டும். முறை அதுதான். அவள் போகவில்லை. தான் போனதும் மற்றவன் எடுத்துவிட்டால்? முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பனிக்குள் காவலுக்கு நின்றாள்.

எவ்வளவு நேரமோ தெரியாது. முதலில் மணம் வந்தது. சித்தாலேப. குளிரில் மூக்கே மரத்துப் போயிருக்க, அந்த மணம் மட்டும் வந்தது. பிறகு முதுகுக்குப் பின்னால்...

நறுக்.

நறுக்.

அவள் அழுதாள். திரும்பவில்லை. அழுதபடியே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ... உப்புச் சரியோ?"

சத்தம் கொஞ்சம் நின்றது. பிறகு பழையபடி தொடங்கியது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

சத்தம் அடங்கியதும் வீட்டுக்கு நடந்தாள். பெட்டியை எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. திரும்பிப் பார்க்கவும் இல்லை. கால் கழுவிவிட்டு உள்ளே போக வேண்டும், வெளிப் பைப் உறைந்துபோய்க் கிடந்தது. பனியை அள்ளிக் காலில் தேய்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள். பூட்டினவள் படுத்தாளா? இல்லை. மற்றவனுக்குச் சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. மிச்சச் சோற்றுக்கு இரண்டு முட்டை பொரித்து ஒரு கோப்பையில் போட்டு, ஜன்னலைத் திறந்து வெளிப்பக்கத்து விளிம்பில் வைத்தாள். "இந்தா, திண்டிட்டுப் போ," என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

காலையில் கோப்பை வெறுமை. ஒரு பருக்கை இல்லை. அதற்குப் பக்கத்தில்... சில்வர் பெட்டி. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு வந்த பெட்டி. கழுவி, துடைத்து, மூடி போட்டு இருந்தது. ஜெயரட்ணம் எப்போதும் வேலையிடத்திலேயே பெட்டியைக் கழுவித்தான் கொண்டுவருவார். அவள் திறந்து பார்த்தாள். உள்ளே ஓர் இறால். வாசலில் பனி நேற்றுப் பெய்த மாதிரியே, ஒரு கோடுகூட விழாமல் கிடந்தது.

சிவதர்சன், இப்போது ஏன் சிரிப்பைக் காணவில்லை?

"நாய் ஏதும் கொண்டந்திருக்கும்," என்கிறான் அவன்.

ஓம். கழுவித் துடைத்து மூடிப்போட்டுக் கொண்டுவருகிற நாய்.

பாலச்சந்திரன் கேள்விப்பட்டுப் பதறினார். அண்ணை வீட்டுக்கு வரப் பழகிவிட்டார், இனி வராமல் இருக்க வாசலில் இரும்பாணி அடியுங்கள் என்றார். "அது அவரின்ரை வீடு. அவருக்கு நான் ஏன் ஆணி அடிக்க வேணும்?" என்று அவள் போனை வைத்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கை முறையாகச் செய்தாள். அதற்குப் பிறகு மணமும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் பனி கொட்டி அந்த ரோட்டில் பஸ் ஓடாமல் நிற்கிற நாளில் மட்டும், பொழுதுபடப் பெட்டியை நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைப்பாள். பக்கத்தில் மற்றவனுக்கு ஒரு கோப்பை. காலையில் பெட்டி கழுவியபடி இருக்கும். உள்ளே ஓர் இறால் இருக்கும்.

போன வருஷம் தை மாதம் பஸ் நின்றது. காலையில் பார்த்தால், கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. துருப்பிடித்த பழைய பெட்டி, கம்பிப் பிடி போட்டது. வெறும் பெட்டி. மற்றவன் தன் பெட்டியையும் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அவள் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? அன்று பின்னேரம் இரண்டு பெட்டியையும் நிரப்பினாள்.

இந்தக் கிழமை பனி எங்களுக்கு மட்டுமில்லை. அங்கேயும்தான். முந்தநாளும் பஸ் இல்லை, நேற்றும் இல்லை. நேற்றுக் காலை சாரதாவுக்குப் போன் வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். ஜன்னலில் இப்போது மூன்று பெட்டியாம். மூன்றாவது சின்னது. பிளாஸ்டிக். மூடியில் முயல் படம்.

"எடியே, உடனை வீட்டைப் பூட்டிப்போட்டு இஞ்சை பாரிசுக்கு வந்திடு," என்றாள் சாரதா.

தாட்சாயினியின் குரல் எனக்கும் கேட்டது. பின்னால் சட்டியில் ஏதோ தாளிக்கிற சத்தம்.

"வந்தால் உதுகளுக்கு ஆர் சமைக்கிறது? போனை வை அக்கா. பஸ் இண்டைக்கும் இல்லையாம், வேளைக்கு முடிக்கோணும். சின்னனுக்கு வேறையாக் காய்ச்ச வேணும். அது உறைப்புத் தின்னாது."