கோட்டுப் பொத்தான் டப்பா

— இஸ்திரிப் பெட்டிய அணைச்சியா?

— அணைச்சாச்சு. இதோட நாலாவது தடவை கேக்குறீங்க, மாஸ்டர்.

— கட்டிக்கிட்டு இருபது வருஷமாச்சு, இன்னும் என்ன மாஸ்டர்?

— உங்க தையல் கடையில காஜா எடுக்க வேலைக்கு வந்தப்போ கூப்பிட்டது... ஒட்டிக்கிச்சு. நெளியாம படுங்க.

— தலை வெடிக்குதுடி... அந்த ஜன்னலைச் சாத்து, வெளிச்சம் குத்துது.

— சாத்திட்டேன். மூணு வாரமா தலைவலி, வாந்தின்னு... அப்பவே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம்.

— வா, போயிரலாம். ஸ்கூல் சட்டை நாப்பது கெடக்கு.

— அதுல ஆறு சட்டைக்கு முதுகுல பாக்கெட் வச்சுத் தச்சீங்களே! அதைப் பாத்துதானே உங்களை இழுத்துட்டு வந்தேன்.

— பசங்க பேனாவை முதுகுல வச்சுக்கட்டுமே...

— சிரிப்பு வேறயா? முதுகுல ஊசி போடப் போறாங்க, ஆடாம இருங்க.

— வலி தலையிலதானே? முதுகுல எதுக்கு ஊசி?

— முதுகுத்தண்டுல நீர் எடுத்துப் பாக்கணுமாம். மூளையைச் சுத்தி இருக்கிற சவ்வுல காசநோய் வந்திருக்கோன்னு டாக்டருக்குச் சந்தேகம்.

— இருமலே இல்ல, காசநோயாம்!

— நெஞ்சுல மட்டும்தான் வரும்னு இல்லையாம். எதிர்ப்புச் சக்தி கொறஞ்சவங்களுக்கு மூளை வரைக்கும் போகுமாம்.

— அந்தப் போர்வையை இழுத்து விடு...

— வேற எதுக்காவது மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டாரு. நீங்க சுவத்தைப் பாத்துக்கிட்டு இல்லேன்னீங்க.

— இல்லைன்னா இல்லதான். இஸ்திரிப் பெட்டிய...

— பேச்சை மாத்தாதீங்க! மறைச்சா வைத்தியம் தப்பாப் போயிருமாம். நாள் தள்ளினா நினைவு போயிரும், அப்புறம் உயிரே... என்னைப் பாருங்க.

— இரு... சிஸ்டர் வர்றாங்க.

— பத்து நிமிஷத்துல டாக்டர் வந்துருவாரும்மா. அவரை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, முழங்காலை நல்லா மடக்கி.

— சரி, சிஸ்டர்.

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. சொல்லுங்க.

— கடையில, மேல் தட்டுல... கோட்டுப் பொத்தான் டப்பா...

— ம்.

— இப்ப யாரு கோட்டு தைக்குறா, நீ அதைத் தொறக்கவே மாட்டேன்னு... பொத்தானுக்கு அடியில மாத்திரை வச்சிருந்தேன். எச்.ஐ.வி. மாத்திரை. நாலு வருஷமா.

— விடாம சாப்பிட்டீங்கதானே?

— சாப்பிட்டேன்... நீ ஒரு நாள், மாப்பிள்ளை கோட்டு ஆர்டர் வந்திருக்கு, அந்த டப்பாவை எடுங்கன்னு சொல்ற வரைக்கும். அஞ்சாறு மாசம் இருக்கும். எல்லாத்தையும் சாக்கடையில கொட்டிட்டேன். அப்புறம் மாத்திரை வாங்கவே போகலை.

— ஐயோ... எல்லாத்தையுமா?

— நீ விட்டுட்டுப் போயிருவியோன்னு... அழாத. உனக்கும் எதாவது...

— எனக்கு ஒண்ணுமில்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் எடுத்துக்கிட்டுதான் இருக்கேன்.

— எதுக்கு? உனக்கு எப்படி...

— தினம் பொத்தான் தைக்குறவ நான், மாஸ்டர். மேல இருக்குன்னா டப்பா கைக்கு எட்டாதா? மூணு வருஷமா தெரியும்.

— மூணு வருஷமா... அப்போ டாக்டர்கிட்ட?

— காலையிலேயே சொல்லிட்டேன். மாத்திரையை விட்டுட்டாரா, அதைக் கேட்டுச் சொல்லுங்கன்னாரு. விட்டிருக்க மாட்டீங்கன்னு அடிச்சுச் சொன்னேனே... டப்பாவுல மாத்திரை இல்லாமப் போனதும் எடத்தைத்தான் மாத்திட்டீங்கன்னு நெனச்சேன்.

— எப்படி வந்துச்சுன்னு கேக்க மாட்டியா?

— அதை இன்னொரு நாள் சண்டை போட்டுக்கலாம். மொதல்ல நீங்க பொழைச்சு வாங்க. காலை மடக்குங்க... இன்னும்... அப்படித்தான்.

— ஏய்... அந்த மாப்பிள்ளை கோட்டு என்னாச்சு? நான் தச்ச ஞாபகமே இல்லையே. குடுத்துட்டோமா?

— மாப்பிள்ளையும் இல்ல, கோட்டும் இல்ல, மாஸ்டர். டப்பாவை எடுக்கச் சொன்னாலாவது எங்கிட்ட வாயைத் தொறப்பீங்கன்னு... நான் சொன்ன பொய் அது.