திரையை அணைத்துவிட்டுக் கேட்ட கேள்வி

செம்பூர் 'தெளிகண்' மென்பொருள் நிறுவனத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மதிப்பீட்டு அதிகாரியாகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி அகிலாண்டம் அம்மையார் அவர்களுக்கு, வரைபடப் பிரிவு ஊழியர்கள் வணங்கி வழங்கும் மடல்

எண்களின் ஏமாற்றை எளிதில் கண்ட எங்கள் தலைவியே! வண்ணத்தில் மயங்காத வல்லமையே! பத்துக்கு ஆறுக்கு மேல் எவருக்கும் மதிப்பெண் போட்டறியாத பெருந்தகையே! வணக்கம்.

எண்களைப் படமாக்கும் டாஷ்போர்டுகளை நாங்கள் வரைந்தோம். அவை பார்ப்பவருக்குப் பயன்படுகின்றனவா என்று சோதித்தவர் தாங்கள். எத்தனை நொடியில் பொத்தானை அழுத்தினார், எவ்வளவு பிடித்திருந்தது என்று நாங்கள் அளந்துகொண்டிருக்க, தாங்களோ திரையை அணைத்துவிட்டு, "இப்போ சொல்லுங்கோ, என்ன தெரிஞ்சுண்டேள்?" என்று கேட்டீர்கள். அந்த ஒற்றைக் கேள்வியில் எங்கள் கர்வம் எத்தனை முறை கவிழ்ந்தது, அம்மா!

தாராவிக் காய்ச்சல் வரைபடத்தை மறப்போமா? எந்தச் சந்துக்கு முதலில் போக வேண்டும் என்று சுகாதாரப் பணியாளருக்குக் காட்ட வரைந்த படம் அது. வெளியிட இரண்டே நாள் இருக்கையில், அங்கே சுகாதாரப் பணியாளராக வேலை செய்யும் மாரீஸ்வரியிடம் அதைக் கொண்டுபோனீர்கள். திரை அணைந்ததும் அவர் சொன்னார்: "இந்தச் சந்து செவப்பா இருக்கு, சரி. அங்க சனம் ஜாஸ்தில்லா, அதான். காய்ச்சல் எங்க புதுசா கூடுதுன்னு ஒண்ணும் தெரியலியே." ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குப் புதிதாகக் காய்ச்சல் என்று பார்க்காமல், மொத்த எண்ணிக்கைக்கே சிவப்பு பூசிய எங்கள் பிழை அம்பலமானது. வெளியீட்டை நிறுத்தினீர்கள். நாங்கள் பொருமினோம், தங்களைக் குறைகூறி மேலிடத்துக்குக் கடிதமும் எழுதினோம். இதோ, சபையறிய மன்னிப்புக் கேட்கிறோம்! திருத்திய படத்தைப் பார்த்த மாரீஸ்வரி, முன்பு நாங்கள் ஆபத்தில்லை என்று வெளிர்மஞ்சளில் விட்டிருந்த ஒரு சந்துக்கு அன்றே கிளம்பினார். பதினோரு வீட்டில் காய்ச்சல். குழந்தைகள் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ந்தார்கள். எங்கள் கடிதத்தைப் பற்றித் தாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை.

இந்த விழாவுக்கென்று தங்கள் பணிக்காலம் முழுவதையும் ஒரே படமாக வரைந்து, சட்டமிட்டுத் தர நினைத்தோம். தங்கள் வழியிலேயே சோதித்தோம். நம் அலுவலகத்தில் சாயா தரும் முத்துமாரியிடம் திரையில் காட்டி, அணைத்துவிட்டு, என்ன தெரிந்தது என்று கேட்டோம். "கலரு நல்லாத்தான் இருக்கு. நாளையில இருந்து மேடம் வரமாட்டாங்கல்லா, அது இதுல எங்க இருக்கு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். படத்தைக் கைவிட்டோம், அதனால்தான் இந்த மடல்.

முலுண்டிலிருந்து லோக்கல் ரயிலில் இடிபட்டு வந்த உடம்பு இனி இளைப்பாறட்டும்! நோய்நொடி நெருங்காமல், பேரப்பிள்ளைகள் சூழ, பல்லாண்டு வாழ்க! புறப்படுமுன் இம்மடலுக்கும் மதிப்பெண் போட்டுவிட்டுப் போங்கள், அம்மா. ஆறே போதும்.

என்றும் தங்கள் கேள்விக்குப் பயந்த,
வரைபடப் பிரிவு ஊழியர்கள்
செம்பூர், மும்பை