நான்காம் பக்கத்து ஐந்து வரி

குடல் சூப்பில் பூண்டு வினிகரை அடுப்பில் இருக்கும்போதே ஊற்றிவிடக் கூடாது. மேஜைக்கு வந்த பிறகு, குடிக்கிறவன் தன் கையால், தனக்கு வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ள வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது உன் அம்மா, ரூமியானா. டான்யூப் கரையில் இருக்கும் இந்த ரூசே நகரத்தில் அவளைப்போல் குடலைக் கழுவத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

நேற்று நீ உன் அம்மாவின் நாற்பதாம் நாள் நினைவுக்கு வேகவைத்த கோதுமையைக் காகிதக் கோப்பையில் எடுத்துக்கொண்டு வந்தாய். ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, ஆண்டவன் அவளுக்கு இளைப்பாறுதல் தரட்டும் என்று எல்லாரும் சொல்வதை நானும் சொன்னேன். அப்போது நீ கேட்டாய்.

"மெத்தோடி மாமா, நீங்க பேப்பர் ஆபீஸ்லயே இருக்கிறவரு. உங்களுக்குத் தெரியாம இருக்காது. நெவெனா அத்தை சூப் கடையை மூடப்போறாங்கன்னு அம்மாதான் பேப்பருக்குப் போய்ச் சொன்னாளா? சொல்லியிருந்தா மறைக்காதீங்க. ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி நெவெனா அத்தைகிட்ட அவளுக்காக நான் மன்னிப்பு கேட்டுட்டுப் போறேன்."

தேநீர் வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாய். நீ போன பிறகு அந்தக் கோதுமை முழுவதையும் தின்று முடித்தேன். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன் என்று உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடமாக அதுதான் வேலை. மற்றவர்கள் எழுதியதில் கால் புள்ளி வைப்பதும் எடுப்பதும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வியாழக்கிழமைகளில் நான்காம் பக்கத்தில் 'திறந்தவை, மூடியவை' என்று ஒரு பத்தி வருமே, எந்தத் தெருவில் புது ரொட்டிக்கடை வந்தது, எந்த உணவகம் பூட்டிக்கொண்டது என்று. அதை எழுதியது நான்தான். பெயர் போடுவதில்லை. யாரோ ஒரு சின்ன வயது நிருபர் எழுதுவதாக ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நெவெனாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆசிரியர் கோலெவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது. என் பக்கத்து மேஜைக்காரன் என் வரிகளை உரக்கப் படிப்பதைக் கேட்டபடி நான் சூப் குடித்துக்கொண்டிருப்பேன்.

நெவெனாவின் கடையில் பதினொரு வருடம் சாப்பிட்டிருக்கிறேன். காலை எட்டு மணி, ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மேஜை. நெவெனா முன்னால் நிற்பாள், உன் அம்மா உள்ளே அடுப்படியில். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதிகள். பத்தொன்பது வருடம் ஒரே சமையலறையில் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே வேலை செய்தார்கள். "மலின்கா, உப்பை யாருக்குடி சேத்து வைக்கிற, உன் பொண்ணு கல்யாணத்துக்கா?" என்று நெவெனா கத்துவாள். "உன் நாக்குல இருக்கிற உப்பே போதும்டி இந்தத் தெருவுக்கு" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அதைக் கேட்பதற்காகவே சிலர் வருவார்கள்.

போன வருடம் பிப்ரவரி கடைசியில் ஒரு காலை. மேஜை மேல் கிடந்த பத்திரிகையில் ஒரு எழுத்துப் பிழையை பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றார். நெவெனா கல்லாவிலிருந்து சொன்னாள்: "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. மெத்தோடி அண்ணன் அடுத்தவன் தப்பைப் பார்க்கத்தான் பொறந்தவரு. சொந்தமா ஒரு வரி எழுதுங்கன்னா, பாவம், மனுஷனுக்குக் கை நடுங்கிப்போயிடும்."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யாரைத்தான் அவள் கிண்டல் செய்யாமல் விட்டாள்? உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தை எடுக்க வந்தவள், "அவ கிடக்கறா அண்ணே, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்றாள். கரண்டியால் நல்ல துண்டுகளாகத் தேடி எடுத்துப் போட்டாள். அந்த இரக்கம் சிரிப்பை விட எனக்கு எரிச்சலாக இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

அந்த வாரம் கோலெவ் என் பத்தியைப் பார்த்துவிட்டு, "திறந்தது மூணு போட்டிருக்கீங்க. மூடினது எங்கே? ஜனங்க அதைத்தான்யா முதல்ல படிக்கிறாங்க" என்றார். உண்மையில் அந்த வாரம் எதுவும் மூடவில்லை. ஐந்து வரிக்கான இடம் காலியாக இருந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, கூட்டம் இல்லாத ஒரு மத்தியானத்தில், நெவெனா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே சொல்லியிருந்தாள்: "ஒருநாள் பாருங்க, எல்லாத்தையும் இழுத்துப் பூட்டிட்டு வார்னாவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிடப்போறேன். கடலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன்." சும்மா சொல்கிற பேச்சு. கேட்டது நானும் உன் அம்மாவும். வேறு யாரும் கடையில் இல்லை.

நான் எழுதினேன். 'பழைய சந்தைக்குப் பின்னால் உள்ள புகழ்பெற்ற குடல் சூப் கடை இந்த வசந்தத்தோடு மூடப்படுவதாகக் கேள்விப்படுகிறோம். உரிமையாளர் வார்னாவில் தங்கையுடன் குடியேறுகிறார். இருபது வருடம் நம் காலைகளைச் சூடாக வைத்திருந்த அவருக்கு நன்றி.' இரக்கமான வரிகள். என் கை நடுங்கவில்லை என்பதையும் கவனித்துக்கொண்டேன்.

அவள் படித்துவிட்டுச் சிரிப்பாள், இரண்டு நாள் எல்லாருக்கும் மறுப்புச் சொல்லிக்கொண்டிருப்பாள், அதோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். முதலில் அப்படித்தான் நடந்தது. கடைசிச் சூப் குடிக்கவென்று ஊரே வந்தது. சிலர் பூங்கொத்தோடு வந்தார்கள். "நான் இன்னும் சாகலைய்யா!" என்று நெவெனா பூவைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் கசாப்புக்கூடத்து ஆள் குடலை வேறொரு கடைக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். நீங்கதான் போறீங்களே, நான் என் வழியைப் பார்க்க வேண்டாமா என்றானாம். பரிமாறிய பெண் இரண்டு தெரு தள்ளி பீட்சா கடையில் சேர்ந்தாள். கடை இடத்தின் சொந்தக்காரர் நெவெனாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கைப்பேசிக் கடைக்காரனிடம் முன்பணம் வாங்கிவிட்டார். குத்தகை வாய்ப் பேச்சில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று. அவள் புருஷன் இருந்த காலத்து ஏற்பாடு. ஒவ்வொருவரும் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். பத்திரிகையில் வந்திருந்ததே.

நெவெனா என்னிடம் வந்தாள். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். பதினொரு வருடத்தில் அவள் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"அண்ணே, மறுப்பு ஒண்ணு போடச் சொல்லுங்க. ரெண்டே வரி. நான் எங்கேயும் போகலைன்னு. அது போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"சொல்றேன் நெவெனா. இன்னைக்கே கோலெவ்கிட்ட சொல்றேன்."

சொல்லவில்லை. சொன்னால், இது எங்கே கேட்டது என்று அவர் கேட்பார். ஒவ்வொரு காலையும், "இந்த வாரம் இடம் இல்லையாம்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டு அதே மேஜையில் சூப் குடித்தேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

உன் அம்மாவை வெளியே அனுப்பியது ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை காலை. எட்டு ஒன்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நெவெனா சமையலறை வாசலில் நின்று, "பத்தொன்பது வருஷம் என் உப்பைத் தின்னுட்டு, என் வாயில வந்ததைக் கொண்டுபோய்ப் பேப்பர்காரனுக்கு வித்தியாடி?" என்றாள். உன் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "என்னடி உளர்றே" என்று சிரித்தாள். பிறகு நெவெனாவின் முகத்தைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, சமையல் மேலங்கியைக் கழற்றி மடித்துக் கல்லாவில் வைத்தாள். போகும்போது கடையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே போனாள். என்னிடம் வந்தபோது அவள் கண் கொஞ்சம் நின்றது. நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் கடை மூடியது. அந்த வியாழக்கிழமை 'மூடியவை' என்ற தலைப்பில் அதைப் போட்டேன். நாம் முன்பே சொன்னதுபோல, என்று ஆரம்பித்தேன். கோலெவ் என் தோளைத் தட்டினார்.

நெவெனா இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். வார்னாவுக்குப் போகவில்லை. தங்கை அழைக்கவில்லை. உன் அம்மா வேலை தேடினாள். சிறிய ஊர், சமையல்காரர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அவள் போன இடத்திலெல்லாம் அவளுக்கு முன்பே பேச்சு போயிருந்தது. "உன் கை ருசி தெரியும் மலின்கா. ஆனா சமையல் கட்டுப் பேச்சு பேப்பருக்குப் போனா நாங்க என்ன பண்றது?" ஆறு இடத்தில் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். நான்கு இடத்தில் நானே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. நான் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். சேர்க்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அக்டோபரில் ஒரு மத்தியானம் பத்திரிகை ஆபீஸ் வாசலில், லிண்டன் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள்.

"அண்ணே, அவ வார்னா பேச்சை நாம ரெண்டு பேர்தான் கேட்டோம்" என்றாள். "நான் சொல்லலை. அப்போ யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரியும்."

நான் மேல்கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

"உங்களை மாட்டிவிட வரலை. ஏன் செஞ்சீங்கன்னும் கேட்கலை. கடை போச்சு, போகட்டும். நெவெனாகிட்ட ஒரே ஒரு வார்த்தை, மலின்கா இல்லைன்னு சொல்லிடுங்க. யாருன்னு சொல்லவேண்டாம். நான் இல்லைன்னு மட்டும். அவ எதிர்ல வந்தா தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போறா அண்ணே. அதைத்தான் தாங்க முடியலை."

"வெள்ளிக்கிழமை போறேன்" என்றேன். "அவ வீட்டுக்கே போய்ச் சொல்றேன்."

அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை போனேன். அது உண்மை. நெவெனாவின் கட்டடம் இருக்கும் தெருமுனைவரை போனேன். கீழே பெஞ்சில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். தலைக்கு நல்ல துணி கட்டியிருந்தாள். மடியில் ஒரு பொட்டலம், நெவெனாவுக்குப் பிடித்த வால்நட் கேக்காக இருக்க வேண்டும். நான் சொல்லிவிட்டு இறங்கியதும் தான் மேலே போகலாம் என்று காத்திருந்தாள் போல. நான் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் எவ்வளவு நேரம் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

நவம்பரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ருமேனியாவில், நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் பாத்திரம் கழுவப் போனாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. தினமும் வேனில் டான்யூப் பாலத்தைத் தாண்டிப் போவாள். ஜனவரியில் பாலத்துக்கு முன்னால் இருக்கும் வளைவில் பனி உறைந்து வேன் சறுக்கிய செய்தி உனக்குத் தெரியும். பனிக்கு யாரும் பொறுப்பல்ல என்று பலநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டுநர் வேகமாகப் போனானாம், டயர் தேய்ந்திருந்ததாம். ஆனால் ரூசேயில் ஒரு அடுப்படி கிடைத்திருந்தால் அவள் அந்த வேனில் ஏறியிருக்கமாட்டாள்.

அந்தச் செய்தி என் மேஜைக்குத்தான் பிழை திருத்த வந்தது. உன் அம்மாவின் பெயரில் ஒரு எழுத்து தவறாக இருந்தது. திருத்தினேன். வேறு பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஆக, நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: அவள் சொல்லவில்லை. நெவெனாவிடம் நீ மன்னிப்புக் கேட்கப் போகாதே. இந்தக் காகிதத்தை அவளிடம் கொடு. அவள் உன்னிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கும்.

இங்கே முடித்துவிடலாம் என்று கையெழுத்தும் போட்டேன். பிறகு அடித்துவிட்டேன். ஏனென்றால் நீ இதைப் படித்துவிட்டு நெவெனாவைக் கோபிப்பாய். சிநேகிதியை எப்படிச் சந்தேகப்பட்டாள் என்று நினைப்பாய். அவள் சந்தேகப்படவில்லை, ரூமியானா. யார் சொன்னது என்று என்னிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஏப்ரலில், உன் அம்மாவை அனுப்பியதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, "கடைக்குள்ள பேசினது எப்படி வெளிய போச்சுன்னுதான் தெரியலை" என்று மட்டும் தனக்குத்தானே முனகிக்கொண்டே எனக்குச் சூப் ஊற்றினாள். இன்னும் ஒரு நாள் விட்டால் அன்று மத்தியானம் யார் யார் இருந்தோம் என்று அவளுக்கு நினைவு வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. "அந்தச் செய்தி வர்றதுக்கு முந்தின நாள் எங்க ஆபீஸ் பக்கம் மலின்காவைப் பார்த்தேன், சொல்லவேண்டாம்னுதான் இருந்தேன்" என்றேன். அவள் கை அப்படியே நின்றது. நான் வினிகர் ஊற்றிக்கொண்டு, ஆறுவதற்குள் குடிக்க ஆரம்பித்தேன்.