பாவாயி கல்லுக்குச் சாக்குப் போத்தற கதை

இந்த ரோடு ஒத்தையடித் தடமா இருந்த காலமுங்க. அப்ப நம்ம வெள்வேலம்பாளையத்துல பாவாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் இல்ல. கிளுவை வேலி போட்ட ரெண்டு ஏக்கரா மேய்ச்சக்காடு, அதுக்குள்ள முப்பது செம்மறி. கறிக்கு வளத்தற ஆடுக. கம்பளி கிடையாது, ஒடம்போட ஒட்டுன செவலை மசுரு. அவளுக்குன்னு இருந்தது அந்த ஆடுகளும், பூவாத்தான்னு ஏழு வயசுப் புள்ளையுந்தான்.

ஒரு கோடையில அந்தப் புள்ளைக்கு வெசக்காச்சல் வந்துருச்சாம். கண்ணு சொருகிருச்சு. பாவாயி ஓடுனா. கருப்பணசாமி முன்னால விழுந்தா. "கருப்பா, என்ற புள்ளையக் குடுத்துரு. பட்டியிலயே பெரிய செவலைக் கெடாய உனக்கு வெட்டறேன்"னு அழுதாளாம். மூணாம் நாளு புள்ளை எந்திரிச்சுக் கஞ்சி கேட்டுச்சாம்.

சொன்னது சொன்னதுதானுங்களே? ஆனா தை பொறந்து நேர்த்திக்கடன் நாளு வந்தப்ப அவளுக்கு மனசு வரலீங்க. அந்தக் கெடாய்க்குப் பொறந்த குட்டிக ஆறே மாசத்துல தூக்க முடியாத கனம் வந்துரும். அது போயிட்டா பட்டியே போச்சு. "சாமிக்கு எல்லாக் கெடாயும் ஒண்ணுதான்"னு அவளே அவளுக்குச் சொல்லிக்கிட்டா. நெஞ்சுல வெள்ளை விழுந்த வேறொரு கெடாயப் புடிச்சு, வெள்ளைய மறைக்கச் செம்மண்ணக் கொழச்சுப் பூசிட்டா. பாத்தா அசல் செவலை.

வெட்டறதுக்கு முன்னால கெடா மேல தண்ணி ஊத்துவாங்க. அது ஒடம்பச் சிலுப்பித் துளுக்கோணும். துளுக்குனாத்தான் சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். இத்தனை வருசம் ஆடு வளத்தவ, அந்தத் தண்ணிய மறந்தாளே!

பூசாரி ஒரு சொம்பு ஊத்துனாரு. கெடா துளுக்கல. ரெண்டாஞ் சொம்பு. துளுக்கல. மூணாஞ் சொம்பு ஊத்துனதும் கெடா நெஞ்சுலருந்து செகப்பா வடிஞ்சுது. கத்தி படாமலே ரத்தம் வருதுன்னு சனம் மெரண்டுருச்சு. அப்பத்தானுங்க, பாவாயி கையப் புடிச்சுட்டு நின்ன பூவாத்தா, ஒரு சொட்டுத் தண்ணி மேல படாத புள்ளை, தலையிலருந்து கால் வரைக்கும் துளுக்குச்சாம். ஆடு துளுக்கறாப்லயே. மூணு தடவை.

பாவாயி புள்ளைய வயித்தோட சேத்து இறுக்குனா. "அது மண்ணுங்க பூசாரி, செம்மண்ணு! நாந்தான் பூசுனேன். இப்பவே போயி அந்தக் கெடாயக் கொண்டாறேன்"னு கத்துனாளாம்.

"புள்ளை துளுக்கியாச்சே அம்மிணி, சாமி அவள ஏத்துக்கிச்சு. இனி மாத்தறது என்ற கையில இல்ல"ன்னு பூசாரி அழுதுட்டாராம்.

"அப்ப என்ற மேல ஊத்துங்க."

ஊத்துனாரு. வேணும்னே ஒடம்ப ஆட்டுனா. "அது செல்லாது, தானா வரோணும்"னாரு. கெடா நின்ன எடத்துலயே நின்னா. வெயில் ஏறுச்சு, நின்னா. வெயில் சாஞ்சுது, நின்னா. எலை கூட அசையாத நேரத்துல அவ ஒடம்பு தானா துளுக்குச்சாம். சிரிச்சாளாம். சிரிச்ச மொகத்தோட அப்பிடியே சாஞ்சவ எந்திரிக்கல.

பூவாத்தா எழுவது வயசு வரைக்கும் இருந்தா. அவ வகையறாதான் நாங்க.

பாவாயி கல்லுங்கறது அவ விழுந்த எடத்துல நட்ட கல்லுதானுங்க. பூ வெப்போம், சூடங் காட்டுவோம். தண்ணி மட்டும் ஊத்த மாட்டோம். தண்ணி பட்டுக் கல்லு துளுக்குனா, சாமி மறுபடியும் எங்க புள்ளையக் கேக்கும்னு பயமுங்க. மழை வந்தா எங்க வகையறாவுல ஒருத்தர் ஓடிப் போயி சாக்குப் போத்தோணும். போன ஐப்பசியில என்ற அண்ணன் போறதுக்குள்ள கல்லு நனைஞ்சு போச்சு. சாக்கப் போத்தி ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சிருக்காரு. வூட்டுக்கு ஓடி வந்து, "புள்ளைக எல்லாம் உள்ளதான இருக்குதுக?"ன்னு கேட்டாரு. அங்க என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. மேகம் கருத்தா, மூணு புள்ளைகளையும் மடியில இழுத்துப் போட்டு இறுக்கிக்குவாரு.