இரண்டு பாட்டில் தண்ணீர்

துறைமுகத்திலிருந்து வரும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரே கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர். இளையவர்தான் ஆரம்பித்தார்.

"இவ்வளவு நாளும் கழிவுத் தண்ணி டெஸ்டுக்குக் குடிதண்ணியத்தான் அனுப்பியிருக்கோம், அண்ணாச்சி."

"கவர்மெண்டே கேக்காத டெஸ்டுதானலே. பசுமைக் குழுன்னு கம்பெனியே வச்சுக்கிட்ட பேருக்கு அது போதாதா?"

"அந்தக் குழுவுக்கு என்னையல்லா தலைவராப் போட்டுட்டாவ. இன்னைக்குக் கடலுக்குப் போற கழிவுத் தண்ணியவே பிடிச்சு லேபுல குடுத்துட்டேன்."

"ஏலே! மேனேஜர் சொன்னாரா?"

"இல்ல."

மூத்தவர் சுற்றிலும் பார்த்தார். நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் குரலைத் தணித்தார்.

"குடுத்தாச்சுல்லா? அப்ப உன் சாப்பாட்டுப் பைக்குள்ள என்ன பாட்டிலு?"

"அதே தண்ணிதான். லேபுல குடுத்ததை மேனேஜர் கொட்டச் சொல்லிருவாருல்லா."