மாடிக் கதவு இடிக்கிறது

புதிய வீட்டில் காலையில் தண்ணீர் நன்றாக வருகிறது. குழாயைத் திறந்தால் வாளி நிரம்ப இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. தெருவில் சத்தம் கிடையாது. எதிர்வீட்டு ஆசிரியை முதல் நாளே வந்து, குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படிப்பட்ட இடம். அங்கே ஏன் ஒரு வியாழக்கிழமை, மகளுக்குப் பள்ளி இருந்த நாளில், யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல் குடிபோனேன் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். வரிசையாகச் சொல்கிறேன். எழுதுகிறவருக்கும் சுலபமாக இருக்கும்.

நான் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர். பதினேழு வருட சர்வீஸ். "கைப்பிடியைப் பிடித்து இறங்கவும்", "தலை பத்திரம்" என்று அங்கே தொங்கும் பலகைகள் எல்லாம் என் வாசகம். என் காலத்தில் போனது ஒரே ஒரு சுண்டுவிரல். அதற்கும் தான் கையுறை போடாததுதான் காரணம் என்று அந்தத் தொழிலாளியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், மற்ற கையால்.

பழைய வீடு அப்பா கட்டியது. அவருக்குப் பிறகு கீழ்த்தளம் எனக்கு, மாடி அண்ணனுக்கு. எங்களுக்குள் சண்டை எதுவும் இருந்ததில்லை, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். சின்னதாக ஒரு மனத்தாங்கல் உண்டு. வருகிறவர்கள் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மாடிக்கு ஏறிவிடுவார்கள். மாடியில் கூடம் பெரியது, காற்று வரும், அண்ணி கலகலப்பாகப் பேசுவார். எங்கள் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவர் சமையலறையில் நின்றுதான் பேச வேண்டும். நடுவில் ஒரு சுவர்.

"இந்தச் சுவர் மட்டும் இல்லன்னா நம்ம வீடும் வீடு மாதிரி இருக்கும்" என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். அந்தச் சமயம் பார்த்து எங்கள் புது மேலாளர் குடும்பத்தோடு விருந்துக்கு வர ஒத்துக்கொண்டார். மூன்று வாரம் இருந்தது. வீட்டைப் புதுப்பித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மேஸ்திரி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

"சார், இது மாடியத் தாங்குற சுவரு. இரும்பு உத்தரம் செஞ்சு மாட்டினப்புறம்தான் இதுல கை வைக்கணும்."

"எத்தன நாளாகும்?"

"ஆறு வாரமாவது ஆகும்."

"விருந்து மூணு வாரத்துல."

"அப்ப விருந்த மாடியில வெச்சுக்குங்க சார்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் சில வார்த்தைகள் நெஞ்சில் தைத்துவிடுகின்றன. அன்றே அவரை நிறுத்திவிட்டேன். அடுத்து வந்தவர் கேள்வி கேட்காத மனிதர். திங்கட்கிழமை மாலைக்குள் சுவர் போய்விட்டது, அது இருந்த இடத்தில் மூன்று மரமுட்டுகள். கூடம் எவ்வளவு விசாலமாக இருந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாசலில் நின்றால் பின்பக்கத்துத் துணிக்கொடிவரை தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கூரையில் மயிரிழை போல ஒரு விரிசல். முறைப்படி இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். மாலையில் பார்த்தால் விரிசல் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது. பட்டி பார்த்து வெள்ளையடித்துவிட்டேன். பென்சில் கோடும் அதோடு மறைந்தது.

புதன்கிழமை அண்ணி இறங்கி வந்தார். "தம்பி, குளியலறைக் கதவு நேத்துலேருந்து தரையில இடிக்குது. மூடவே மாட்டேங்குது."

நன்றாக மூடிக்கொண்டிருந்த கதவு திடீரென்று இடித்தால் கதவு வளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வீடு இறங்குகிறது என்று அர்த்தம். இதைப் பற்றி நான் வகுப்பே எடுத்திருக்கிறேன்.

"மழ ஈரத்துல மரம் உப்பியிருக்கும் அண்ணி. தச்சர அனுப்பறேன்."

மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. அண்ணிக்கு அது தோன்றவில்லை. தச்சர் வந்து விரற்கடை அளவு சீவினார். கதவு மூடியது. அண்ணி மாடிப்படியிலிருந்தே நன்றி சொன்னார்.

அன்று மாலை என் அலுவலகப் படிவம் ஒன்றை எடுத்து வைத்து மதிப்பிட்டேன். விபத்து நடக்கும் வாய்ப்பு ஐந்துக்கு எத்தனை, நடந்தால் பாதிப்பு ஐந்துக்கு எத்தனை. இரண்டையும் பெருக்க வேண்டும். இருபத்தைந்து வந்தது. இருபத்தைந்து வந்தால் ஆட்களை உடனே வெளியேற்ற வேண்டும் என்பது விதி. விதியை மீறி எனக்குப் பழக்கமில்லை. அன்றிரவே இந்தப் புது வீட்டை வாடகைக்குப் பேசி முடித்து, மறுநாளே வெளியேற்றினேன்: மனைவி, மகள், மகளின் மீன்தொட்டி. மனைவியிடம் தூசி என்று சொன்னேன். அவள் நம்பினாள், நம்பாவிட்டாலும் அவளுக்குப் புது வீட்டுச் சமையலறை பிடித்திருந்தது.

மாடிக்கு ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொன்னால் அண்ணன் ஒரு பொறியாளரைக் கூட்டி வந்திருப்பார். அவர் சுவரைத் திரும்பக் கட்டச் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு என் ஆயுள் முழுக்க, மாடிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருப்பார். மூன்று மரமுட்டுகள் மூன்று வாரம் தாங்கக்கூடும் என்ற நம்பிக்கையும் எனக்கு இருந்தது. இருபத்தைந்து என்று எழுதிய அதே கையால்தான் அதையும் நம்பினேன். தவிர, பத்திரப்படி மாடி என் பொறுப்பில் இல்லை.

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு மாடிக் கூடம் என் கூடத்துக்குள் வந்துவிட்டது. அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெளியே எடுக்க நான்கு மணி நேரமானது. அண்ணி பிழைத்தார், ஏனென்றால் தச்சர் தன் இழைப்புளியை அங்கேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கொடுத்துவிட்டு வர அண்ணி அவருடைய பட்டறைக்குப் போயிருந்தார். நான் தச்சரை அனுப்பியிராவிட்டால் அண்ணியும் உள்ளேதான் இருந்திருப்பார். இந்தக் கோணத்தில் யாரும் யோசிப்பதில்லை. கதவு சீவிய விஷயத்தைத் தச்சர் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அவருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அரைகுறை வாக்குமூலம் எனக்குப் பிடிக்காது.

வியாழக்கிழமை வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் படியிறங்கி வந்தார். கொஞ்ச நேரம் அட்டைப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டேய், இந்தத் தூசி அவளுக்கும் ஒத்துக்கல. இருமிக்கிட்டே இருக்கா. நாங்களும் ஒரு வாரம் அங்க வந்து இருந்துக்கட்டுமா?"

அண்ணன் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. நாற்பத்தாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"சின்ன வீடுண்ணே. ரெண்டே ரூம்தான்."

"சரி சரி, பரவால்ல." திரும்பியவர் நின்றார். "இங்க பயம் ஒண்ணும் இல்லயேடா? நடக்கறப்ப தரை லேசா அதிர்ற மாதிரி இருக்கு."

"பயம்னா உன்கிட்ட சொல்ல மாட்டேனா?"

தலையாட்டினார். மீன்தொட்டியை நான் தூக்கத் தடுமாறியபோது அவரே வாங்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் வண்டியில் வைத்தார்.

புது வீட்டில் மூன்று அறைகள். மூன்றாவதில் இஸ்திரி மேசை போடலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது அதில் அண்ணி இருக்கிறார். இன்று காலை, உங்கள் ஆள் வந்து என்னைக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால், அண்ணி எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி, உங்கண்ணன் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, நீங்க அன்னிக்கே எங்களையும் கூட்டிட்டு வந்திருப்பீங்க. அவருதான் யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டாரே."

"கேட்டிருந்தா கண்டிப்பா, அண்ணி" என்றேன்.

அவர் அழுதார். நிம்மதியோடுதான் அழுதார். உண்மையைச் சொல்லி அந்த நிம்மதியைக் கெடுக்கும் அளவுக்கு நான் கெட்டவன் இல்லை.