சிவப்பு காட்டாத திரை

மழை வந்தால் வெள்ளவத்தையில் குடை வாங்குவேன். அடுத்த மழைக்குள் அதை பஸ்ஸில் விட்டுவிடுவேன். ஆகவே, தேடுகிற பொருள் தேடுகிற இடத்தில் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஐயா. கணினிக்கும் அப்படித்தான்.

நாங்கள் செய்தது ஆஸ்பத்திரி மருந்துப் பம்புக்கான மென்பொருள். அதில் ஹெடர் பைல் என்று ஒன்று உண்டு. தாதி தட்டும் எண்ணை பம்ப் எப்படி விளங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் கோப்பு அது. ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வொரு போல்டரில் கிடக்கும். கிடைக்காவிட்டால் மென்பொருளைக் கட்டும் வேலை, அதாவது பில்ட், நின்றுவிடும், திரை சிவக்கும். புதிதாக வந்த சாருஜா அந்தச் சிவப்பைப் பார்த்துக் கண்கலங்குவாள். எனக்கோ இளகிய மனம். கோழிக்கடையைக் கடந்து வந்தால் புரியாணியில் கைவைக்கவே சற்று நேரம் செல்லும்.

ஒரு ஸ்கிரிப்ட், தானாக ஓடும் குட்டி நிரல், எழுதினேன். அந்தக் கோப்பை எல்லாப் போல்டரிலும் தேடும். எங்கும் இல்லையென்றால் என் போல்டரில் கிடக்கும் பழைய பிரதியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு எவர் திரையும் சிவக்கவில்லை, எல்லாம் பச்சை. எனக்கு கேக் வெட்டினார்கள்.

என் பிரதியில் தாதி தட்டும் எண் நிமிடத்துக்கான அளவு. பின்பு வந்த புதிய கோப்பில் மணித்தியாலத்துக்கான அளவு. கண்டுபிடித்தவள் சாருஜாதான்.

"அண்ணா, புது பைல் இருக்கிற போல்டரின்ட பேரை மாத்திப்போட்டினம். ஸ்கிரிப்ட் உங்கட பழசை எடுக்குது. நிப்பாட்டுவமா?"

"உமக்கு நித்திரை காணாது, பிள்ளை. பச்சையாத்தானே நிக்குது?"

"அந்தப் பச்சைதான் அண்ணா பயமாக் கிடக்கு."

'பழைய கோப்பு பாவிக்கப்படுகிறது' என்று திரையில் மஞ்சளில் எச்சரிக்கும் ஒரு வரியைச் சேர்த்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்காரர் பார்க்க வர இருந்தார்கள். அவர்கள் முன்னால் அது மஞ்சளாக நின்றால் பிள்ளைக்குத்தானே ஏச்சு விழும்? அழித்துவிட்டேன். அவளுடைய கணினியில் இருந்துதான். அதுதான் பக்கத்தில் திறந்து கிடந்தது.

முதல் பம்ப் பீற்றருக்குப் பூட்டப்பட்டது. கொட்டாஞ்சேனையில் கோயில் வாசலில் மெழுகுதிரி விற்றவர். ஒரு மணித்தியாலத்தில் இறங்கவேண்டிய மருந்து ஒரு நிமிடத்தில் இறங்கியது. செத்த வீட்டுக்குப் போய் கதிரைகளை அடுக்கினேன். அவர் மனைவி எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்தார்.

"தம்பி, நீங்க அவருக்கு என்ன முறை?"

"தெரிஞ்ச ஆள், அக்கா."

அழுதேன், ஐயா. உண்மையாகவே.

கம்பனி விசாரித்தது. வரியை அழித்தவர் என்று கணினிப் பதிவில் சாருஜாவின் பெயர் இருந்தது. அவள் கைபட்ட அந்த ஒரு பம்ப்தான் பழுது என்று முடிவானது. நான் மறுக்கவில்லை. வேலை போன அன்று பாமன்கடை வரைக்கும் பஸ்ஸில் அவளோடு போய் ஆறுதல் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தாள்.

விசாரிக்க வந்த நீங்கள் மற்றப் பம்புகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவையும் அதே பில்ட்தான். இன்று காலை வார்டுகளுக்குப் போயிருக்கும். அறிந்துகொண்டுதான் விட்டேன். தடுத்தால் ஸ்கிரிப்டை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் எல்லாப் பிள்ளைகளின் திரையும் சிவந்துவிடும்.

அதற்கு எனக்கு மனம் வரவில்லை, ஐயா.